ஆறாத புண்ணுக்கு ஒரு பந்தல்

வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் இருக்கிறாரா? அப்படியானால் இதைக் கவனமாகப் படியுங்கள். காலில் முள் குத்திய சின்னப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்து மட்டும் போதாது. புண்ணுக்கு இரத்தம் வந்து சேர வேண்டும். அதற்குப் புதிய நுண்குழாய்கள் முளைக்க வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜான் பர்க்கும் பேராசிரியர் யானிஸ் யன்னாஸும் தீக்காயத்துக்கென்று ஒரு செயற்கைத் தோலை உண்டாக்கி, 1981இல் அதன் பலனை வெளியிட்டார்கள். மாட்டின் தசைநாரிலிருந்தும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்தும் எடுத்த பொருள்களால் ஆன பஞ்சு அது. மேலே மெல்லிய சிலிகோன் ஏடு. (மாடு என்றதும் மனம் கூசுபவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.)

பாகற்கொடிக்குப் பந்தல் போடுகிறோமே, அதுபோலத்தான். பஞ்சின் நுண்துளைகளில் நம்முடைய இரத்தக் குழாய்களே படர்ந்து ஏறுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே உயிர் ஓடத் தொடங்கும். போகப்போகப் பஞ்சு கரைந்து, நம் சதையே நிற்கும்.

2016இல் அமெரிக்க அரசு இதை நீரிழிவுக் கால் புண்ணுக்கும் அனுமதித்தது. ஆனால் சீழ் பிடித்த புண்ணில் இதை வைக்க மாட்டார்கள். காலின் பெரிய குழாயே அடைத்திருந்தால் கொடி எங்கிருந்து படரும்? முதலில் அந்த அடைப்பை நீக்கியாக வேண்டும். இந்த நோயில் பாதம் மரத்துப்போய் வலியே தெரியாது என்பதால், இரவு படுக்குமுன் பெரியவர்களின் உள்ளங்காலை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். புண் கண்டால் மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.