துருவும் தகடும்

கிள்ளான் வட்டாரத்தில் மாரிஸ் மைனர் வண்டியைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர். 1948-இல் வெளிவந்த அவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். நான்கு மட்கார்டுகளும் திருகாணியால் பூட்டப்பட்டவை. துருப்பிடித்தால் கழற்றி மாற்றலாம். கதவுக்குக் கீழே ஓடும் அடித்தகட்டின் செய்தியோ வேறு. கூடு போன்ற அதனுள் மழைநீர் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே சாயம் பளபளக்கும்போதே வண்டி வலுவிழந்திருக்கும்.

என் வண்டியில் ஒரு பட்டறையார் அவ்விடத்தைப் பட்டி பூசி மூடிவிட்டார். ஓராண்டுக்குள் கதவு சாத்த மாட்டேன் என்றது.

நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதே முறை. இரு பக்கமும் ஒருசேர வெட்டலாகாது. வெட்டுமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்பு முட்டுக் கொடுத்தல் வேண்டும். இல்லையேல் வண்டி நடுவில் தொய்ந்து, அக்கோணலோடே பற்றிக்கொள்ளும். ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளியும். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி வைத்தல் நன்று. பின்னர் உட்கூட்டில் மெழுகு செலுத்தவேண்டும். பலர் மறப்பது இதுவே.

தகட்டுக்கு எங்கே போவது? வண்டியின் உற்பத்தி 1970-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் 1990-களில் இலங்கைப் பட்டறையொன்று, இங்கிலாந்தின் பாத் நகர வணிகருக்காக அதன் தகடுகளைச் செய்து அனுப்பியது. எனக்குப் பிரிக்பீல்ட்ஸ் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தருவித்துத் தந்தார். இடப்பக்கம் முடிந்தது; வலப்பக்கம் பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்கிறது.