உஷார்! அம்மாவின் ஃபைலில் என்ன இருக்கிறது?

இங்கிலாந்தில் அம்மாவையோ அப்பாவையோ கேர் ஹோமில் சேர்த்திருப்பவர்கள் அடுத்த பெருந்தொற்று வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை பார்க்கப் போகும்போதே மேனேஜரிடம் கேளுங்கள்: ஃபைலில் டி.என்.ஏ.சி.பி.ஆர். படிவம் இருக்கிறதா? இருந்தால், யாரிடம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்?

இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்கிறது அந்தப் படிவம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே, ஆக்சிஜன் வைக்காதே என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் கோவிட் முதல் அலையில் சில இடங்களில் அதை அப்படித்தான் படித்தார்கள். சில இல்லங்களில் ஆளைப் பார்க்காமல் மொத்தமாகவே போட்டுவைக்கப் பார்த்தார்கள். பராமரிப்புத் தர ஆணையமான சி.க்யூ.சி. 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், சம்பந்தப்பட்டவரிடமோ குடும்பத்திடமோ பேசி ஒப்புக்கொள்ளாமல் போட்ட முடிவுகள் 500க்கும் மேல் கணக்கில் வந்தன. இத்தனைக்கும், நோயாளியிடம் பேச வேண்டும் என்று 2014இலும், அவர் பேசும் நிலையில் இல்லையென்றால் முடிந்தவரை குடும்பத்திடம் பேச வேண்டும் என்று 2015இலும் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன.

படிவமே தப்பு என்று நான் சொல்லவில்லை. தொண்ணூறு வயது உடம்பில் நெஞ்சை அழுத்தினால் விலா எலும்பு முறியும். பெரும்பாலும் உயிரும் திரும்பாது. மருத்துவர் பயனில்லை என்று முடிவெடுத்தால் நீங்கள் அதை மாற்றவும் முடியாது. உங்களுக்குத் தெரியாமல் நடந்ததா என்பதே கேள்வி.

அடுத்த உஷார் மருந்தில். "பாலியேட்டிவ் கேர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், நிம்மதியாக இருக்கிறார்" என்று ஃபோனில் சொன்னால், அந்த வேதனை தணிக்கும் பராமரிப்பை எந்த மருந்தை வைத்துக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கோவிட்டில் சாகிற முதியவருக்கு மூச்சுத்திணறலும் பதற்றமும் சில நாட்களிலேயே, சில சமயம் சில மணி நேரத்திலேயே முற்றிவிடும். திணறலுக்கு மார்ஃபின், பதற்றத்துக்கு மிடாசோலம், குமட்டலுக்கு ஒன்று, தொண்டையில் சளி கரகரப்பதற்கு ஒன்று. இந்த நாலையும் குடும்ப மருத்துவரான ஜி.பி. முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, அந்தந்த ஆளின் பெயரில் இல்லத்திலேயே பூட்டிவைப்பதுதான் வழக்கம். 2020இல் அந்த வழக்கம் ஆட்டம் கண்டது. வென்டிலேட்டரில் கிடப்பவர்களை மயக்கத்தில் வைக்கவும் அதே மிடாசோலம்தான் வேண்டியிருந்தது. ஒருவர் பெயரில் வந்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த ஏப்ரல் கடைசியில், நெருக்கடி என்று சொல்லி அரசே அதைத் தளர்த்தியது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

மருந்து அலமாரியில் இருந்தும் பயனில்லாமல் போகலாம். எல்லா கேர் ஹோமிலும் நர்ஸ் கிடையாது. நர்ஸ் இல்லாத இல்லத்தில் ஊசி போட வெளியிலிருந்து டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் வர வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, ஊரே நோயில் கிடக்கும்போது, அவர் எப்போது வருவார்? தோலுக்கடியில் இருபத்து நாலு மணி நேரமும் மருந்து செலுத்தும் சிரிஞ்ச் டிரைவர் இருக்கிறதா, அதை மாட்டத் தெரிந்தவர் யார்? இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

'நோய் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வார்கள்' என்கிற நம்பிக்கையும் வேண்டாம். 2020 மார்ச் 17 முதல் ஏப்ரல் 15 வரை சுமார் 25,000 பேரை ஆஸ்பத்திரிகள் கேர் ஹோம்களுக்கு அனுப்பின. எல்லாரையும் சோதித்து அனுப்புவது என்ற ஏற்பாடு அப்போது இல்லை. அறிகுறி இல்லாதவர் மூலமும் தொற்று பரவும் ஆபத்தை அரசு கணக்கில் எடுக்கவில்லை, அது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. செத்தவர்களுக்கு அதனால் என்ன?

கடைசியாக, நம்மவர்கள் பலர் கோட்டைவிடும் ஒன்று. மூத்த மகன், ஒரே மகள் என்பதற்காக இங்கிலாந்துச் சட்டம் உங்கள் கையில் முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தராது. அதற்கு, உடல்நலத்துக்கான லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்ற அதிகாரப் பத்திரத்தைத் தனியாக எழுதிப் பதிய வேண்டும். பணம், வீட்டுக்காக எழுதியது இதற்குச் செல்லாது. அம்மாவுக்குப் புரிந்து கையெழுத்திடும் நினைவு இருக்கும்போதே எழுதியாக வேண்டும். மறதி நோய் முற்றிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். பதிவாகி வரவும் வாரக்கணக்கில் ஆகும். இன்றைக்கே அந்தப் பத்திரத்துக்கான படிவத்தை எடுங்கள்.