சுருங்கும் கேட்புவெளி

ஓர் உயிரின் குரல் தன் இனத்தின் செவிக்கு எட்டும் பரப்பைக் கேட்புவெளி என்போம். ஒளி விரைவில் அடங்கிவிடும் கடல்நீரில் பாலூட்டிகளுக்கு இதுவே உலகு. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடலில் 1500 மீட்டர் செல்கிறது. அதிர்வெண் தாழத் தாழ அது எட்டும் தொலைவும் கூடுகிறது.

இவ்வெளியைப் பயன்கொள்ளும் முறையால் கடற்பாலூட்டிகளைப் பெரும்பாலும் இரு திறமாகப் பகுக்கலாம். ஓங்கில்கள் உயர் அதிர்வெண் சொடுக்கொலிகளின் எதிரொலியால் இரையை அறிகின்றன. நீலத்திமிங்கிலமோ 10 முதல் 40 ஹெர்ட்சு வரையிலான தாழ்குரலால் நெடுந்தொலைவில் உள்ள தன் இனத்தோடு உறவாடுகிறது. பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியா இவ்விரண்டிலும் அடங்காது, அது கீச்சிடும்.

இக்கேட்புவெளியைச் சுருக்குவது கப்பல் இரைச்சல்; அதன் தலையாய ஊற்று உந்துசுழலியே. அதன் அலகுகள் விரைந்து சுழல்கையில் ஒருபுறம் அழுத்தம் வீழ்ந்து, நீர் சூடேறாமலே ஆவிக்குமிழாகி, அழுத்தம் மீண்டதும் நொறுங்குகிறது. வெண்கல அலகையே அரிக்கவல்ல இக்குமிழுடைவின் ஒலியாற்றல் மிகுதியும் சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழே, திமிங்கிலம் பேசும் அதே பகுதியில் விழுகிறது. 

காஞ்சியில் தறிகள் பல ஒருங்கே ஓடும் கூடத்தில், கோர்வை நாடாவை எறியும் துணையாளரை அழைக்க நெசவாளர் தம்மையறியாது குரலை உயர்த்துவார். திமிங்கிலங்களும் அவ்வாறே உயர்த்துகின்றன. உயர்த்தலுக்கு ஓர் எல்லை உண்டு. இரைச்சல் அதனைக் கடந்தால், குரலை மூடும் ஒலிமறைப்பு ஓங்கிக் கேட்புவெளி சுருங்கும்.

உடலும் இதனை உணர்கிறது. 2001 செப்டம்பர் 11 அமெரிக்கத் தாக்குதல்களுக்குப் பின் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல்கள் குறைந்தபோது இரைச்சல் 6 டெசிபெல் தணிந்தது. மடக்கை அளவையில் இது ஒலியழுத்தம் பாதியானதற்கு ஒப்பு. திமிங்கிலங்களின் மிதக்கும் கழிவைத் திரட்டி ஆய்ந்தோர், அந்நாள்களில் அவற்றின் உளைச்சல் சுரப்பும் தாழ்ந்திருந்ததை 2012இல் வெளியிட்டனர். நெகிழிக் குப்பை பல்லாண்டு தங்கும். இரைச்சலோ ஊற்று நின்றதும் மறையும்.

விரைவைக் குறைத்தால் குமிழுடைவு தணியும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2014இல் வகுத்து 2023இல் திருத்திய நெறிகள் இதனைக் கூறினும், அவை கட்டாயமற்றவை. இது போதாதென்பது என் துணிபு. வழியை மாற்றுவதும் உதவும். இலங்கையின் தென்முனையில் நீலத்திமிங்கிலங்கள் இரைதேடும் நீரை ஊடறுத்தே பெருங்கப்பல்வழி அமைந்தது. மோதலைத் தவிர்க்க எம்எஸ்சி கப்பல் நிறுவனம் 2022இல் தன் கலங்களை ஏறத்தாழ 15 கடல்மைல் தெற்கே விலக்கியது. அவற்றின் இரைச்சலும் உடன் விலகியது. அவ்விலகலால் ஒரு கலத்துக்குக் கூடும் ஓட்டம் சில கடல்மைலே.