தழும்போடு எடுத்த படம்

2020ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல்நாள். பலகாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சியிடமிருந்து அழைப்பு வந்தது. மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போய் அவளுக்கு அப்போது ஆறாவது வருடம். வழமையாக "பிள்ளையள் சாப்பிட்டதுகளோ?" என்றுதான் தொடங்குவாள். அன்று அழுகைதான் முதலில் வந்தது.

"அக்கா, என்ர படத்தைத் திரும்பவும் தந்திட்டினம். இது நீ இல்லையாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னாள். முகாமிலிருந்து வெளியே வந்த கையோடு 2010இல் எடுத்த அவளுடைய கடவுச்சீட்டு, அந்த வருட நடுப்பகுதியில் பத்து வருடம் முடிந்து காலாவதியாக இருந்தது. கடவுச்சீட்டில் போதிய காலம் இல்லாவிட்டால் அங்கே வதிவிட அனுமதியையும் புதுப்பிக்க மாட்டார்கள். பங்குனியில் எங்கள் அப்பாவின் ஆட்டைத் திவசம். செத்த வீட்டுக்குத்தான் வரமுடியவில்லை, ஆட்டைக்காவது வந்து நிற்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு மனம். ஆகவே அங்குள்ள எங்கள் நாட்டுத் தூதரகத்தில் புதுக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். விண்ணப்பத்தில் பிழை இல்லை. பிறப்புச் சான்றிதழில் பிழை இல்லை. படம்தான் பிழை. அதுவும் இரண்டு தரம்.

முதல் தரம் செலவைப் பார்த்து, வேலை செய்யும் வீட்டுச் சுவரோடு நின்று கைத்தொலைபேசியில் எடுத்துப் பிரதி போட்டிருக்கிறாள். சுவரில் அவளுடைய நிழல் விழுந்திருக்கிறது. தலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. கொஞ்சம் சிரித்தும் இருக்கிறாள். ஒரு பார்வையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் தரம் ஸ்ரூடியோவுக்குப் போனாள். அந்தக் கடைக்காரர் நல்லெண்ணத்தில் ஒரு வேலை செய்துவிட்டார். தங்கச்சியின் இடது கன்னத்தில் காதடியிலிருந்து வாய் ஓரம் வரை ஒரு தழும்பு இருக்கிறது. 2009 சித்திரையில் ஷெல் துண்டு கிழித்துப்போட்ட இடம். கடைக்காரர் கணினியில் அந்தத் தழும்பை அழித்து, தோலையும் வெள்ளையாக்கிப் படத்தைக் கொடுத்திருக்கிறார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பதினொரு வருசத்துக்குப் பிறகு என்ர முகத்தை அப்பிடிப் பாத்தன் அக்கா. ஆசையா இருந்தது" என்றாள். ஆனால் பழைய கடவுச்சீட்டில் தழும்பு பச்சையாகத் தெரிகிறது. புதுப் படத்தில் மருந்துக்கும் இல்லை. அலுவலர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது வேறு ஆள் என்று சொன்னதில் என்ன பிழை?

அடுத்த நாள் பொங்கல். அதற்கடுத்த நாளே நகரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஸ்ரூடியோத் தம்பியிடம் போனேன். நம் நாட்டில் 2015 ஓகஸ்டிலிருந்து கடவுச்சீட்டுக்குப் படத்தைக் கையில் கொண்டுபோக முடியாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அனுமதித்த ஸ்ரூடியோவில் எடுக்கவேண்டும். அவர்கள் படத்தைக் கணினி வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டோடுதான் அலுவலகம் போவது. இந்தத் தம்பியின் கடைக்கும் அந்த அனுமதி இருந்தது. ஆகவே விதிகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தங்கச்சி அங்கே தாளில் அச்சடித்த படம்தான் கொடுக்கவேண்டியிருந்தது. நான் கேட்கக் கேட்க அவர் அடிமட்டத்தை எடுத்து வைத்துக் காட்டினார்.

படத்தின் அகலம் 35 மில்லிமீற்றர், உயரம் 45 மில்லிமீற்றர். உயரத்தில் நூற்றுக்கு எழுபதிலிருந்து எண்பது பங்கை முகம் பிடிக்கவேண்டும். அதாவது நாடியிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய மூன்றேகால் சென்ரிமீற்றர். நம் பெண்கள் கழுத்துச் சங்கிலி, சேலைக்கரை எல்லாம் தெரிய எடுப்பார்கள். அதில் முகம் சின்னதாகிவிடும். பின்னால் ஒரே வெளிர்நிறம் இருக்கவேண்டும், நிழல் விழக்கூடாது. எந்த நிறம் என்பதைத் தூதரகத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு கண்ணும் திறந்து, வாய் மூடி, கமராவை நேரே பார்க்கவேண்டும். தலைமயிர் கண்ணை மறைக்கக்கூடாது. படம் அண்மையில் எடுத்ததாக இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படத்தைப் பல நாடுகள் ஏற்பதில்லை.

"ஏன் தம்பி சிரிக்கக்கூடாது?" என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான். அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்துக்கொண்டது. இப்போது விமான நிலையங்களில் முகத்தை ஒப்பிடுவது மனிதர் மட்டுமில்லை, யந்திரமும்தான். கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம், மூக்கு எங்கே, வாய் எங்கே என்று அது அளந்து பார்க்கும். சிரித்தால் வாய் விரியும், கண் சுருங்கும், அளவு மாறிவிடும். இந்த அளவுகளை வகுத்தது கனடாவின் மொன்றியல் நகரில் இருக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. எல்லா நாடுகளின் கடவுச்சீட்டையும் யந்திரம் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்றும், கையால் எழுதிய பழைய கடவுச்சீட்டுகள் 2015 நவம்பர் 24க்குப் பிறகு செல்லாது என்றும் விதித்ததும் அந்த அமைப்புத்தான்.

ஆனபடியால் கணினியில் முகத்தைத் திருத்தக்கூடாது. தழும்பு, மச்சம், அம்மைத் தழும்பு எல்லாம் இருந்தபடி இருக்கவேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு முகத்தில் காயம் இருக்கிறது! ஒரு கண் இல்லாத சகோதரிகள் இருக்கிறார்கள். தாடை கோணிப்போனவர்கள் இருக்கிறார்கள். கழுத்தில் துண்டு தங்கியதால் தலையை நேரே நிமிர்த்த முடியாதவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் படம் எடுக்கும்போது ஒளிக்கவும் வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம். நேரே வைக்க முடியாத தலைக்கு வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிப் படத்தோடு கொடுத்துக் கேளுங்கள். நோயாலும் காயத்தாலும் வந்த குறைக்கு விலக்கு அளிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு.

பொட்டைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. 1983க்குப் பிறகு கொழும்புக்குப் போகும்போது பொட்டை அழித்துக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள் அல்லவா நாங்கள், அந்தப் பயம் போகாது. கனடா, பிரித்தானிய விதிகளைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பித்துப் பார்த்தேன். பொட்டு வைக்கக்கூடாது என்று ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. முஸ்லிம் சகோதரிகள் முக்காடு அணிந்தும் எடுக்கலாம். நாடியிலிருந்து நெற்றி வரை முகம் முழுதும் தெரியவேண்டும், முக்காட்டின் நிழல் முகத்தில் விழக்கூடாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவதே நல்லது. அமெரிக்கா 2016 நவம்பரிலிருந்து கண்ணாடியோடு எடுத்த படத்தை ஏற்பதில்லை.

இன்னொரு குழப்பமும் நம் வீடுகளில் நடக்கிறது. ஒரே குடும்பம் நாலு நாட்டில் இருக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணன் அங்கத்தைய அளவைச் சொல்லுவார், இலண்டனில் இருக்கும் மச்சாள் இன்னொன்றைச் சொல்லுவா. இருவர் சொல்வதும் சரி, ஆனால் அவரவர் எடுக்கும் கடவுச்சீட்டுக்குத்தான் சரி. கனேடியக் கடவுச்சீட்டுக்குப் படம் 50க்கு 70 மில்லிமீற்றர், முகம் 31இலிருந்து 36 வரை. அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். பிரித்தானியாவில் அச்சுப் படம் கொடுப்பதானால் 35க்கு 45, முகம் 29இலிருந்து 34 வரை. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதல்ல, எந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுக்கிறீர்கள் என்பதே கணக்கு. ஸ்ரூடியோவில் "பாஸ்போட் படம்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் தங்கள் நாட்டு அளவில் எடுத்துவிடுவார்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்று சொல்லி, அளவை எழுதிய துண்டைக் கையில் கொடுங்கள்.

கைக்குழந்தைப் படம் தனி வேதனை. குழந்தையை வெள்ளை விரிப்பில் கிடத்தி, நேர் மேலே நின்று எடுப்பது இலகு. தாயின் கையோ சூப்பியோ படத்தில் வரக்கூடாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் படத்துக்கு முதல் இன்னொரு வேலை இருக்கிறது. இலங்கைப் பிரஜையாகப் பதிவு செய்தால்தான் இலங்கைக் கடவுச்சீட்டு. பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவது இலேசு, பிந்தினால் தண்டப்பணம் கட்டவேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை பெற்ற சகோதரிகள் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் இதைச் செய்யவேண்டும்.

தம்பியின் கடையில் இருந்தபோது ஒரு அம்மா வந்தா. கையில் ஒரு சின்ன அடையாள அட்டைப் படம். மகனுடையது. அதைப் பெரிதாக்கித் தரச்சொன்னா. 2017 மாசியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் இருக்கும் தாய்மாரின் கைகளில் இருப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட படங்கள்தான். இடம்பெயர்ந்து ஓடும்போது கலியாண அல்பமும் பிறந்தநாள் படங்களும் போய்விட்டன. பையில் தப்பியது அட்டையில் இருந்த படம் மட்டும். என் தங்கச்சியின் கணவருக்கும் எங்களிடம் இருப்பது அப்படி ஒன்றே ஒன்று. ஆகவே படம் எடுக்கும்போது இரண்டு பிரதி கூடுதலாக வாங்கி வீட்டில் வையுங்கள். அலுவலகத்துக்குக் கொடுப்பதில் ஊசி குத்தாதீர்கள், பின்பக்கம் மை ஊறும் பேனையால் எழுதாதீர்கள்.

அன்று இரவே தங்கச்சிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "தழும்போட எடுக்கச் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "சரி அக்கா" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை லீவில் அதே ஸ்ரூடியோவுக்குப் போய், கையால் காட்டி, அழிக்கவேண்டாம் என்று சொல்லி எடுத்திருக்கிறாள். மூன்றாவது படத்தைத் தூதரகம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அங்கே கொடுக்கும் விண்ணப்பம் கொழும்புக்கு வந்து, கடவுச்சீட்டு அச்சாகித் திரும்பிப் போகவேண்டும். அவள் கையில் புதுக் கடவுச்சீட்டு கிடைத்தது பங்குனி மாத முடிவில். அதற்குள் கொரோனாவால் மார்ச் நடுப்பகுதியிலேயே நம் நாட்டு விமான நிலையத்தை வருகைக்கு மூடிவிட்டார்கள். முதற் படமே சரியாக இருந்திருந்தால் ஆட்டைக்கு வந்திருப்பாளோ என்று இப்போதும் நான் நாள் எண்ணிப் பார்ப்பதுண்டு. திவசத்தை நானும் பிள்ளைகளும் மட்டும் செய்தோம்.

விமான நிலையம் 2021 தையில் திறந்தது. அவள் வந்தது அந்த வருடம் ஆவணியில். வந்த அன்று அவளுடைய சின்ன மகள் பையைக் கிளறி, கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ஏன் கோவமா இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

"சிரிக்க விடமாட்டினம் பிள்ளை" என்றாள் தங்கச்சி.

அவள் கூடுதலாக எடுத்துவந்த பிரதியைப் பிள்ளை வாங்கி, கண்ணாடி அலுமாரியில் தகப்பனின் படத்துக்குப் பக்கத்தில் செருகினாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.