எங்க பாஷைக்கு இன்னா கொறச்சல்?

சென்னை அபிராமபுரத்து அடுக்ககங்களில் காலை நேரத்தில் இரண்டு தமிழ் கேட்கும். கீழே வாட்ச்மேனிடம் "இன்னாண்ணா, தண்ணி லாரி வந்துகினு கீதா?" என்று கலகலப்பாகக் கேட்ட பெண், மூன்றாவது மாடிக் கதவு திறந்ததும் "லாரி வருதுங்கம்மா" என்று அடக்கிச் சொல்கிறார். பலர் அதுவும் சொல்வதில்லை, தலையாட்டலோடு சரி. ஏன் என்று கேட்டால், "எனுக்கு நல்லா பேச வராதும்மா" என்பார்கள்.

இந்த வெட்கம் சென்னைக்கு மட்டும் உரியதல்ல. மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1966-ல் வெளியிட்ட நியூயார்க் ஆய்வில், அந்த ஊர்க்காரர்களே தங்கள் பேச்சை மட்டமாக மதிப்பிட்டதைப் பதிவு செய்தார். மேலே ஏறத் துடிக்கும் கீழ் நடுத்தர வர்க்கம்தான் அதிகமாகத் திருத்திப் பேசியது. நம் ஊரிலும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைதான் வீட்டில் அம்மாவை முதலில் திருத்துகிறது.

'கீது', 'இன்னா', 'வந்துகினு' எல்லாம் சேரியில் பிறந்த கொச்சை என்றுதான் நினைப்பு. ஆனால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களிலும் இதே வடிவங்கள் புழங்குகின்றன. இது தொண்டை மண்டலத்து வட்டார வழக்கு. அதன்மேல் தெலுங்கின் நைனாவும் உருதுவின் நாஸ்தாவும் பேஜாரும் துறைமுக நகரத்தில் வந்து ஏறிக்கொண்டன. ழகரத்தை யகரமாக்கி 'வாயப்பயம்' என்றால் சிரிக்கிறோம். அதையே ளகரமாக்கி 'பளம்' என்று சொல்லும் தெற்கத்திக்காரரை யாரும் இந்த அளவுக்குச் சீண்டுவதில்லை.

கரிசல் வழக்குக்குக் கி. ராஜநாராயணன் அகராதியே தொகுத்தார். அந்த மண்ணின் கதைக்கு 1991-ல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. கொங்கு வழக்குக்குப் பெருமாள்முருகன் அகராதி தந்தார். சென்னைப் பேச்சையும் ஜெயகாந்தன் கதைகளில் மரியாதையோடு உட்கார வைத்தார். ஆனாலும் ஊர் நினைவில் நின்றது இந்தப் பேச்சால் திரையில் சிரிக்கவைத்த 'சபாஷ் மீனா' (1958) சந்திரபாபுவும், 'காசேதான் கடவுளடா' (1972) தேங்காய் சீனிவாசனும்தான். அற்புதமான நடிப்பு, சந்தேகமில்லை. அந்தச் சிரிப்பின் பாரம் மட்டும் ரிக்ஷாக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தலையில் இறங்கியது. 'அட்டகத்தி' (2012), 'மெட்ராஸ்' (2014) படங்கள் வந்த பிறகு கொஞ்சம் நிமிர்வு வந்திருக்கிறது. திரையில் கைதட்டு வாங்கும் அதே பேச்சு நேர்காணலில் இன்னும் எடுபடுவதில்லை.

தேர்வுக்கும் வேலைக்கும் பொதுத்தமிழ் வேண்டும் என்கிறார்கள் ஆசிரியர்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

நம் கவலை வேறு. பேச்சுக்குக் கூச்சப்படுகிறவர் கேள்வி கேட்கமாட்டார். மருத்துவர் சொன்ன மாத்திரைக் கணக்கு புரியாவிட்டாலும் "சரிங்க" என்று வெளியே வருவார். ரேஷன் கார்டில் பேர் தப்பாக இருந்தால் அடுத்தவரை அனுப்புவார். பிள்ளையின் பள்ளிக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வருவார். ஆற்றோரம், கால்வாயோரம் இருந்த குடும்பங்கள் நகர விளிம்பில் உள்ள கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டபோது, தங்களுக்காகப் பேச வேண்டிய நேரத்தில் எத்தனை பேர் இப்படி வாய்மூடி நின்றார்களோ! மனு எழுத ஆள் தேடலாம். அதிகாரி முகம் பார்த்து வாதாட, சொந்த வாய்தான் வேண்டும்.

வகுப்பில் "அப்பால இன்னா ஆச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆசிரியர் முதலில் கேள்விக்குப் பதில் சொல்லட்டும், எழுதும்போது எப்படி எழுதுவது என்பதை அப்புறம் காட்டட்டும். மூன்றாவது மாடி அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் வேலை செய்பவர் "இன்னாம்மா" என்றால் சிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள். அவர் சொல்ல வந்ததைக் கேளுங்கள்.