திரையில் தோன்றும் மீட்பும் நிகழ்ந்த மீட்பும்

போர்க்காலத்தில் பிறர் உயிரைக் காத்தோரின் கதைகளைத் தொலைக்காட்சிப் படங்கள் இல்லந்தோறும் கொண்டு சேர்க்கின்றன. அவற்றிற் காண்பன யாவும் வரலாறாகுமா? இவ்வினாவுக்கு விடைகாண ஒரு படத்தை எடுத்துக்கொள்ளலாம்.

1985ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் றவுல் வாலன்பேர்க் என்னும் சுவீடன் நாட்டவரின் கதை ஒளிபரப்பாயிற்று. றிச்சட் சேம்பர்லேன் அவராக நடித்தார். 1944 யூலை 9ஆந் திகதி, ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்டுக்குத் தூதரகச் செயலாளராக வந்த வாலன்பேர்க், யூத மக்களுக்குப் பாதுகாப்புக் கடவுச்சீட்டுகளை வழங்கினார். சுவீடன் கொடி பறந்த வீடுகளில் அவர்களுக்குப் புகலிடம் அளித்தார். 1945 சனவரி 17இல் சோவியத் படையினர் அவரைத் தடுத்துவைத்தனர். அவர் திரும்பவேயில்லை. இவை யாவும் வரலாற்று உண்மைகள்.

எனினும், ஒரு வீரரை நடுவில் நிறுத்தும் படத்தில் ஏனையோர் நிழலாகிவிடுவது இயல்பு. வாலன்பேர்க் வருமுன்னரே, அதே தூதரகத்தைச் சேர்ந்த பேர் ஆங்கர் தற்காலிகக் கடவுச்சீட்டுகளை வழங்கத் தொடங்கியிருந்தார். சுவிட்சர்லாந்தின் துணைத்தூதர் கார்ல் லூட்ஸ் பல்லாயிரம் பாதுகாப்புக் கடிதங்களை வழங்கினார். இத்தாலிய வணிகர் ஜோர்ஜியோ பெர்லாஸ்கா, ஸ்பெயின் நாட்டுத் தூதராகத் தம்மைக் காட்டிக்கொண்டு பலரைக் காத்தார். அவர் கதையை இத்தாலியத் தொலைக்காட்சி 2002இற் படமாக்கியது.

காலவரிசையும் மறத்தற்குரியதன்று. 1944 மே நடுப்பகுதி முதல் எட்டு வாரங்களுள் ஏறக்குறைய 4,37,000 யூதர் ஹங்கேரியிலிருந்து நாடுகடத்தப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சேர்ந்த இடம் அவுஷ்விட்ஸ் வதைமுகாம். வாலன்பேர்க் வந்தபோது மாகாணங்களில் யூதர் பெரும்பாலும் எஞ்சவில்லை, தலைநகரத்தவரே எஞ்சியிருந்தனர். அனைவரையும் ஒருவரே காத்தார் என்னும் எண்ணத்தை விதைக்கும் படம், காக்கப்படாதோரை மறைத்துவிடுகின்றது.

கலைஞருக்குச் சுதந்திரம் வேண்டும். மூடிய அறையில் நிகழ்ந்த உரையாடலைக் கற்பனையாலேயே அமைக்க முடியும். பல நாள் நிகழ்ச்சியை ஒரு காட்சியிற் சுருக்குவதும் குற்றமன்று. ஆனால் யார் காத்தார், எப்பொழுது காத்தார், எத்தனை பேர் பிழைத்தனர் என்னும் மூன்றையும் மாற்றுதல் தகாது. யூதப் படுகொலை நிகழவேயில்லை என வாதிடுவோர் இன்றும் உளர். ஒரு மிகையைச் சுட்டிக்காட்டி முழு உண்மையையும் மறுக்க அவர்கள் காத்திருக்கின்றனர்.

இத்தகைய படங்களைக் கண்டு நேயர்கள் கண்ணீர் சிந்துதல் தவறன்று. கண்ணீர் காய்ந்தபின் நூலகத்தில் ஒரு வரலாற்று நூலைப் புரட்டிப் பார்த்தல், காத்தவருக்கும் மாண்டவருக்கும் செலுத்தவேண்டிய கடனாகும்.