ஸ்கூல் பஸ் டிரைவர் தப்பு செய்தால்: சும்மா இருப்பதா, வேலையைப் பறிப்பதா?

போன செப்டம்பர், ஸ்கூல் திறந்து இரண்டாவது வாரம். அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை என்பதால் பொண்ணைக் கூட்டிக்கொண்டு வர நானே கீழே இறங்கினேன். ஷார்ஜா அல் நஹ்தாவில் எங்கள் பில்டிங்குக்கு எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஆனால் பஸ்ஸின் பக்கவாட்டில் இருக்கும் 'ஸ்டாப்' பலகை விரியவில்லை. மூன்றாம் மாடிப் பையன் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் வந்து ரோட்டில் கால் வைத்தான். அதே நேரம் பின்னாலிருந்து வந்த ஒரு பிக்கப் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. சூப்பர்வைசர் அக்கா பையனுடைய பையைப் பிடித்துப் பின்னால் இழுத்ததால் ஒன்றும் ஆகவில்லை.

அன்று ராத்திரி பில்டிங் வாட்ஸ்அப் குரூப் சூடாகிவிட்டது. "இந்த ஆளை நாளைக்கே தூக்கணும்" என்று ஒரு கூட்டம். "பாவம்பா, நம்ம ஊர்க்காரர். கம்ப்ளைன்ட் பண்ணா கேன்சல் அடிச்சு அனுப்பிடுவாங்க. ரெண்டு பிள்ளைங்க காலேஜ் படிக்குது. நேர்ல ஒரு வார்த்தை சொன்னா போதாதா?" என்று இன்னொரு கூட்டம். மூன்றாவதாக ஒருத்தர், "என்கிட்ட வீடியோ இருக்கு, ஃபேஸ்புக்ல போட்டுடவா?" என்று கேட்டார்.

நான் ரொம்ப நேரம் எதுவும் எழுதவில்லை. என் பொண்ணு அந்த டிரைவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள். நானும் இதே ஷார்ஜாவில் ஸ்கூல் பஸ்ஸில் போய்ப் படித்தவன்தான். எங்கள் அப்பா தலைமுறைக்கு 'முக்காலஃபா' என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். ஒருத்தர் மேல் புகார் கொடுத்து அவர் விசாவுக்கு உலை வைப்பது பாவம் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ரோட்டில் கால் வைத்த அந்தப் பையனுக்கு வயது ஆறு.

அந்த வாரம் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். நாம் நினைப்பது போல 'சும்மா விடு', 'ஊருக்கு அனுப்பு' என்று இரண்டே வழி இல்லை. நடுவில் நிறையப் படிகள் இருக்கின்றன.

போலீஸ் பக்கம்

அமீரகத்தில் 2017-ல் வந்த அபராதப் பட்டியல்படி, பலகை விரிந்திருக்கும்போது நிற்காமல் போகும் வண்டிக்கு 1000 திர்ஹம் அபராதம், 10 பிளாக் பாயிண்ட். பஸ்ஸிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இது நம்மில் பலருக்குத் தெரியும். அதே பட்டியலில் பஸ் டிரைவருக்கும் ஒரு வரி இருக்கிறது. குழந்தைகளை ஏற்றி இறக்கும்போது பலகையை விரிக்காத டிரைவருக்கு 500 திர்ஹம், 6 பாயிண்ட். 24 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். அதாவது இதே தப்பில் நாலு தடவை பிடிபட்டால் லைசென்ஸ் போய்விடும். ஓட்டும்போது போன் கையில் இருந்தால் 800 திர்ஹம், 4 பாயிண்ட். கனரக வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டினால் 3000 திர்ஹம் அபராதத்தோடு ஒரு வருஷம் லைசென்ஸ் இல்லை.

சவூதியில் ஸ்கூல் பஸ் ஆள் ஏற்றி இறக்கும்போது முந்திப் போனால் 3000 முதல் 6000 ரியால் வரை அபராதம். பக்கத்து நாடுகளும் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

அபராதத்தை யார் கட்டினாலும் பாயிண்ட் ஓட்டியவர் கணக்கில்தான் ஏறும். ஆனால் கேமராவோ போலீஸோ பார்க்காத தப்புக்கு பாயிண்ட் கிடையாது. எங்கள் தெருவில் பார்த்தது நாங்கள் மட்டும்தான்.

கம்பெனி பக்கம்

குரூப்பில் பாதிப் பேரைத் தயங்க வைத்தது 'கேன்சல்' பயம். அமீரகத் தொழிலாளர் சட்டம், 2021-ம் ஆண்டின் 33-ம் எண் ஆணைச் சட்டம், இதில் என்ன சொல்கிறது? தனியார் கம்பெனி ஊழியருக்குக் கொடுக்கக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறது. முதலில் எழுத்தில் கவனப்படுத்துவது. அடுத்து எழுத்தில் எச்சரிக்கை. அதன்பின் சம்பளப் பிடித்தம், அதுவும் மாதத்துக்கு 5 நாள் சம்பளத்துக்கு மேல் கூடாது. பிறகு சம்பளமில்லாத சஸ்பென்ஷன், அதிகபட்சம் 14 நாள். அப்புறம் இன்க்ரிமென்ட், புரமோஷன் நிறுத்தம். வேலை நீக்கம் கடைசிப் படி.

எந்தத் தண்டனையாக இருந்தாலும் முதலில் குற்றச்சாட்டை எழுத்தில் தெரிவித்து, அவர் தரப்பைக் கேட்டு, விசாரிக்க வேண்டும். ஒரே தப்புக்கு இரண்டு தண்டனை கொடுக்கக் கூடாது. பாதுகாப்பு விதியை மீறினார் என்று நோட்டீஸே இல்லாமல் நீக்க வேண்டுமானால், அந்த விதி எழுத்தில் இருந்து, கண்ணில் படும்படி மாட்டப்பட்டு, அவருக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

நடைமுறையில் எல்லா இடத்திலும் இது இவ்வளவு சுத்தமாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் புகார் எந்தப் படியில் விழும் என்பது நாம் எப்படிக் கொடுக்கிறோம் என்பதையும் பொறுத்தது. பத்துப் பேர் ஸ்கூல் ஆபீஸில் போய்க் கத்தினால், அவர்களுக்குச் சுலபமான வழி ஆளை மாற்றுவதுதான். புது டிரைவர் வருவார். அதே தெரு, அதே நேரம், அதே அவசரம் அவருக்கும் இருக்கும்.

ஊரில் எப்படி?

"இந்தியாவில் இதெல்லாம் கிடையாது" என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவோம். உண்மையில் டிரைவர் விஷயத்தில் அங்கே விதி இன்னும் கறார். 1997 நவம்பரில் டெல்லி வசிராபாத்தில் ஒரு ஸ்கூல் பஸ் யமுனையில் விழுந்து குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. ஸ்கூல் பஸ் ஓட்ட 5 வருஷ கனரக அனுபவம் வேண்டும். சிக்னல் தாண்டுவது, ஸ்டாப் கோட்டை மீறுவது மாதிரி தப்புக்கு வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் அபராதம் வாங்கியவரை வைத்துக்கொள்ளக் கூடாது. அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, ஆபத்தாக ஓட்டுவது என்றால் ஒரு தடவையே போதும்.

தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் நடந்ததை உங்கள் அப்பா அம்மா மறந்திருக்க மாட்டார்கள். பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்குத் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. அங்கே கோர்ட் டிரைவரோடு நிற்கவில்லை. ஓட்டையோடு ஓடும் பஸ்ஸுக்குச் சான்றிதழ் கொடுத்தது யார், ஓட விட்டது யார் என்றும் கேட்டது.

இங்கேயும் அப்படித்தான். 2014 அக்டோபரில் அபுதாபியில் ஒரு குழந்தை பஸ்ஸுக்குள்ளேயே விடப்பட்டு இறந்தபோது, டிரைவரோடு சூப்பர்வைசரும் பள்ளித் தரப்பும் கோர்ட்டில் நிற்க வேண்டி வந்தது. 2022 செப்டம்பரில் கத்தார் அல் வக்ராவில் அதே மாதிரி ஒரு 4 வயதுக் குழந்தை இறந்தது. கல்வி அமைச்சகம் அந்தக் கிண்டர்கார்டனையே மூடியது.

அந்தப் பலகை ஏன் விரியவில்லை?

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எங்கள் டீமில் முதல் கேள்வி "யார் தப்பு?" என்று வராது. "என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது?" என்றுதான் வரும். அதே மாதிரி ஸ்கூலின் டிரான்ஸ்போர்ட் பொறுப்பாளருக்கு ஒரு மெயில் எழுதினேன். தேதி, நேரம், பஸ் எண், இடம், நான் பார்த்தது, அவ்வளவுதான். கடைசியில் ஒரு வரி: "இவரை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஏன் இப்படி நடந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்."

நாலு நாளில் பதில் வந்தது. பஸ்ஸின் கேமராவைப் பார்த்திருந்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் இல்லை, வேறு இரண்டு நிறுத்தத்திலும் அவர் பலகையை விரிக்கவில்லை. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, மூன்று நாள் வண்டியிலிருந்து இறக்கிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் செய்தது தப்பு, தண்டனை வேண்டியதுதான்.

ஆனால் அந்த மெயிலில் இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் பில்டிங்கின் நிறுத்தம் முதலில் பின்பக்கம், பார்க்கிங் உள்ளே இருந்தது. அங்கே குழந்தைகள் ரோட்டைத் தாண்டவே வேண்டாம். வெயிலில் சுற்றி நடக்க முடியவில்லை, முன்பக்க ரோட்டிலேயே நிறுத்துங்கள் என்று போன வருஷம் பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே லேன் ரோடு அது. பலகை விரித்தால் பின்னால் வரிசையாக ஹாரன். அதே பஸ் அடுத்த ட்ரிப்புக்கு ஸ்கூல் திரும்ப வேண்டும். கீழே வர நாம் தாமதித்த ஒவ்வொரு நிமிஷமும் அவர் தலையில்தான் விழுந்தது.

அந்தக் கடிதத்தை இணைத்திருந்தார்கள். கையெழுத்துகளில் ஐந்தாவது என்னுடையது.

நாம் செய்யக்கூடியது

பார்த்ததை எழுத்தில் கொடுங்கள். "எப்பவும் வேகமாத்தான் போறார்" என்று சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. "செவ்வாய்க்கிழமை 2.40-க்கு, இந்த எண் பஸ், இந்த இடம்" என்றால் கேமராவையும் ஜிபிஎஸ்ஸையும் பார்க்கலாம். ரொம்ப நாள் கழித்துச் சொன்னால் பதிவே இல்லாமல் போகலாம்.

முதலில் ஸ்கூல் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். பதில் வராவிட்டால் மேலே போங்கள். துபாயில் ஆர்டிஏ-வின் 8009090, துபாய் போலீஸின் 901, அபுதாபியில் 8002626 அமான் சேவை. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் எங்கேயும் யோசிக்காமல் 999.

வீடியோவை ஃபேஸ்புக்கில் போடவே போடாதீர்கள். அமீரகத்தின் 2021 சைபர் குற்றச் சட்டப்படி, ஒருத்தரை அனுமதியில்லாமல் படம் எடுத்துப் பரப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, அல்லது 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், இரண்டும்கூட வரலாம். வீடியோ இருந்தால் போலீஸிடம் மட்டும் காட்டுங்கள்.

பதில் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். டிரைவருக்கு என்ன நடவடிக்கை? அவர் தரப்பைக் கேட்டீர்களா? ரூட்டிலும் நேரத்திலும் என்ன மாற்றினீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் விஷயம் முடியவில்லை என்று அர்த்தம்.

பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். பலகை விரிந்தாலும் விரியாவிட்டாலும், சூப்பர்வைசர் கை காட்டும் வரை ரோட்டில் கால் வைக்கக் கூடாது.

எங்கள் பில்டிங்கில் புதுக் கடிதம் போனது. நிறுத்தம் மறுபடி பின்பக்கம் போய்விட்டது. ஐந்து நிமிஷம் முன்னாலேயே கீழே இறங்கி நிற்கிறோம், வெயிலோடு. சிலருக்கு இன்னும் என் மேல் கோபம்தான்.

டிரைவர் நாலாவது நாள் வேலைக்கு வந்தார். நான் போய், "அண்ணே, அந்த மெயில் போட்டது நான்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தெரியும் தம்பி. ஆபீஸ்ல படிச்சுக் காட்டுனாங்க. தூக்கச் சொல்லலன்னு எழுதியிருந்தீங்க" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. பின்பக்கப் பார்க்கிங்கில் வேறு வண்டி எதுவும் வரவில்லை. இருந்தாலும் அவர் பலகையை விரித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.